கிலோ விலையும் இலை விலையும்: நெல்லைச் சமையலறையில் பயறுகளின் கணக்கு

துவரம்பருப்பு விலை ஏறும்போதெல்லாம் மூன்று செய்திகள் வரிசையாக வந்துவிடும். வியாபாரிகளின் இருப்புக்கு வரம்பு, தீர்வையில்லாத இறக்குமதி, ரேஷன் கடையில் பருப்பு வரத் தாமதம். கோவில்பட்டிக் கரிசலிலும் சங்கரன்கோவில் பக்கத்திலும் கண்ணெதிரே மூட்டை மூட்டையாகப் பயறு விளையும்போது, நம் வீட்டுக் குழம்பின் செலவை மியான்மரும் மொசாம்பிக்கும் ஏன் தீர்மானிக்கின்றன என்று வாசகர்கள் குழம்புவது நியாயம்தான். இங்கே விளைவது ஒன்று, நாம் அன்றாடம் வேகவைப்பது இன்னொன்று. குழப்பத்தின் வேர் அதில் இருக்கிறது.

நெல்லைச் சீமை என்று இங்கே சொல்வது பழைய திருநெல்வேலி மாவட்டத்தை. 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தாலும் அடுப்படிப் பழக்கம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது.

பெயர்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம்

பயறு என்பது முழு விதை. அதன் தோலை நீக்கி இரண்டாக உடைத்தால் பருப்பு. சிறுபயறு சிறுபருப்பாகிறது, துவரை துவரம்பருப்பாகிறது, கொண்டைக்கடலை கடலைப்பருப்பாகிறது. உடைத்தும் தோல் போகாமல் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் உளுந்தை இந்தப் பக்கம் ‘தொலி உளுந்து’ என்பார்கள். மற்ற ஊர்களில் கொள்ளு என்று கேட்டு வாங்குவதை இங்கே காணம் என்று கேட்க வேண்டும். காராமணிக்குத் தட்டப்பயறு என்று பெயர்.

இந்த வேறுபாடு வெறும் சொல் விவகாரம் அல்ல. முழுப் பயறு மில்லுக்குப் போவதில்லை. 100 கிலோ துவரையை உடைத்தால் கிடைப்பது ஏறத்தாழ 70 முதல் 75 கிலோ பருப்புதான். மீதி தோலாகவும் குருணையாகவும் தூளாகவும் போய்விடுகிறது. 2025-26 பருவத்துக்குத் துவரையின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,000 ரூபாய், அதாவது கிலோ 80. உடைத்த பருப்பாகக் கணக்கிட்டால் மில் கூலியோ லாரி வாடகையோ யாருடைய லாபமோ சேராமலேயே அது கிலோ 110 ரூபாயைத் தொட்டுவிடுகிறது. காணத்திலும் தட்டப்பயறிலும் இந்தச் சேதாரம் கிடையாது. வாங்கிய கிலோ முழுவதும் பானைக்குள் போகிறது.

துவரை மட்டும் ஏன் இப்படி ஆடுகிறது

1. துவரை நீண்ட காலப் பயிர். பரவலாகச் சாகுபடியாகும் ரகங்கள் அறுவடைக்கு வர ஐந்தாறு மாதம் எடுக்கின்றன. உளுந்தும் சிறுபயறும் 65 முதல் 75 நாளில் முடிந்துவிடும். ஒரு பருவம் பொய்த்தால் உளுந்தை அடுத்த பருவத்தில் விதைக்கலாம். துவரைக்கு அடுத்த ஆண்டு வரை பொறுக்க வேண்டும்.

2. விளைச்சல் சில மாநிலங்களில் குவிந்திருக்கிறது. மகாராஷ்டிரமும் கர்நாடகத்தின் கலபுரகிப் பகுதியும் அதில் முக்கியமானவை. அங்கே மழை தவறினால் பாளையங்கோட்டை மளிகைக் கடையில் விலைச்சீட்டு மாறும்.

3. பற்றாக்குறையை நிரப்ப மியான்மரும் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளும்தான் இருக்கின்றன. உலகில் துவரையைப் பெரிய அளவில் உண்பவர்கள் நாம்தான். நாம் வாங்க இறங்கியது தெரிந்தாலே அங்கே விலை ஏறுகிறது.

4. விலை ஏறிய மறுஆண்டு விவசாயிகள் துவரையைக் கூடுதலாக விதைக்கிறார்கள், விலை சரிகிறது. 2015இல் சில்லறை விலை கிலோ 200 ரூபாயை ஒட்டிப் போனது. அடுத்த பருவத்தில் விளைச்சல் குவிந்து, சந்தை விலை ஆதரவு விலைக்கும் கீழே இறங்கியது. வாங்குபவர் அழுத ஆண்டுக்கு அடுத்த ஆண்டு விற்பவர் அழுதார்.

உளுந்துக்கும் மியான்மர் தொடர்பு உண்டு என்பதால் அது முற்றிலும் தப்பியது என்று சொல்ல முடியாது. ஆனாலும் நெல்லைச் சீமையில் அதற்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. கரிசலில் ஐப்பசி மழையை நம்பி மானாவாரியாக விதைப்பது ஒன்று. தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பருவத்து நெல் அறுத்த வயலில், மண்ணில் மிஞ்சிய ஈரத்தைக் கொண்டே விளைவிப்பது இன்னொன்று. காணமோ இந்த ஆட்டத்திலேயே இல்லை. கல்லாங்காட்டிலும் விளையும் பயிர் அது. துறைமுகமும் கப்பலும் அதற்குத் தேவைப்படுவதில்லை.

கிலோ விலைக்கும் இலை விலைக்கும் நடுவே

கடையில் எழுதியிருப்பது கிலோ விலை. வெந்து, தாளித்து, சோற்றோடு இலைக்கு வரும்போது ஆகும் செலவை இலை விலை என்று வைத்துக்கொள்வோம். சிக்கனம் பேசுபவர்கள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

பருப்பை நாம் வாங்குவது முதன்மையாகப் புரதத்துக்காக. உலர்ந்த பயறுகளில் 100 கிராமுக்கு 20 முதல் 25 கிராம் புரதம் உண்டு. அரிசியில் 7 அல்லது 8 கிராம்தான். ஆகவே ஒரு கிராம் புரதம் என்ன விலை என்று பார்ப்பதே நேரான கணக்கு. கீழே உள்ளவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட மாதிரி விலைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டு வகுத்துக்கொள்ளலாம்.

1. துவரம்பருப்பு கிலோ 160 ரூபாய் என்றால், கிலோவில் 220 கிராம் புரதம். ஒரு கிராம் சுமார் 73 காசு.

2. தொலி உளுந்து கிலோ 120 ரூபாய் என்றால், 240 கிராம் புரதம். ஒரு கிராம் 50 காசு.

3. காணம் கிலோ 80 ரூபாய் என்றால், 220 கிராம் புரதம். ஒரு கிராம் சுமார் 36 காசு.

4. முட்டை ஒன்று 6 ரூபாய் என்றால், அதில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். ஒரு கிராம் ஒரு ரூபாய்.

முட்டைப் புரதத்தின் தரம் உயர்வு என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். பயறுப் புரதத்தின் தரக் குறையைச் சோறு ஈடுகட்டும் விதத்தைப் பிறகு பார்க்கலாம்.

இலை விலைக்கு ஓர் எதிர்மறை உதாரணம் சொதி. நெல்லைப் பருப்புச் சமையல் என்றதும் பலரும் முதலில் சொதியைத்தான் சொல்கிறார்கள். அது கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்துக்குச் செய்வது. அதில் சிறுபருப்பு ஒரு கைப்பிடிதான். தேங்காயோ ஒரு காய்க்குக் குறையாது, மூன்று பால் எடுக்க வேண்டும். இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குப் பொரியலும் துணைக்கு வேண்டும். ருசியில் அதற்கு ஈடில்லை, ஆனால் அதைச் சிக்கனப் பட்டியலில் சேர்ப்பவர் தேங்காயை விலை கொடுத்து வாங்காதவராக இருக்க வேண்டும்.

சாம்பாரில் பருப்பு எங்கே இருக்கிறது?

நான்கு பேர் வீட்டில் ஒரு வேளைச் சாம்பாருக்கு 60 கிராம் துவரம்பருப்பு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 13 கிராம் புரதம். ஆளுக்கு மூன்றேகால் கிராம். அதோடு 400 கிராம் அரிசி பொங்கினால், அரிசியிலிருந்து ஆளுக்கு ஏழரை கிராம். ஆக, ‘பருப்புச் சாப்பாடு’ என்று நாம் நினைக்கும் சாப்பாட்டில் புரதத்தின் பெரும்பங்கைத் தருவது அரிசி. பருப்பு அங்கே குழம்பைக் கெட்டியாக்கும் வேலையைத்தான் செய்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம் புரதம் வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் 2,000 கலோரித் தட்டுக்குப் பருப்பு வகை 85 கிராம். அசைவம் உண்பவர்கள் அதில் ஒரு பகுதியை மீன், முட்டையால் நிரப்பிக்கொள்ளலாம். 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான்கு பேருக்குப் பகிர்ந்தால் நாளுக்கு ஆளொன்றுக்கு எட்டு கிராம் சொச்சம். உதவிதான், ஆனால் 85க்கும் எட்டுக்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைத் துவரம்பருப்பாலேயே கடக்க முயன்றால் மாதச் செலவு தாங்காது.

அந்த ரேஷன் கிலோவைத் தண்ணீர்ச் சாம்பாரில் கரைப்பதைவிடக் கூட்டாஞ்சோற்றில் போடுவது மேல். 300 கிராம் அரிசிக்கு 100 கிராம் பருப்பு தாராளமாகச் சேரும். கூடையில் மிஞ்சிய கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய் எல்லாம் உள்ளே போகலாம். வீட்டு முருங்கையின் கீரைக்குக் காசு இல்லை. ஒரே பானை, ஒரே அடுப்பு. குழம்பும் பொரியலும் தனியாக வேண்டாம்.

உளுந்தஞ்சோறு: கிட்டத்தில் போய்ப் பார்த்தால்

அரிசி இரண்டு பங்கு, தொலி உளுந்து ஒரு பங்கு. உளுந்தை எண்ணெய் இல்லாமல் வாசம் வரும் வரை வறுக்க வேண்டும். கறுப்புத் தோலில் நிறமாற்றம் தெரியாது என்பதால் உடைந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது லேசாகப் பொன்னிறம் காட்டினால் போதும். அரிசியோடு சேர்த்துக் கழுவி, பத்துப் பதினைந்து பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி வெந்தயம், அரை மூடித் தேங்காய்த் துருவல், உப்பு சேர்த்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் வைத்து வேகவிட வேண்டும். மூடியைத் திறக்கும்போது சோறு பொலபொலவென்று இருக்காது, ஒன்றோடொன்று பிடித்துக் குழைந்திருக்கும். இட்லி மாவில் காற்றைப் பிடித்துவைக்கும் அதே உளுந்தின் பசைதான் இங்கே சோற்றைப் பிடிக்கிறது.

நான்கு பேருக்கு 300 கிராம் அரிசி, 150 கிராம் உளுந்து. புரதம் ஆளுக்குப் பதினான்கரை கிராம். சாம்பார்ச் சாப்பாட்டில் அது பத்தே முக்கால். அரிசியும் அங்கே 100 கிராம் கூடுதல். மேற்சொன்ன மாதிரி விலையில் உளுந்துக்கு 18 ரூபாய். சாம்பாருக்கான பருப்பைவிட எட்டு ரூபாய் சொச்சம் அதிகம்தான். ஆனால் காய், புளி, சாம்பார்ப் பொடி, பொரியலுக்கு எண்ணெய் எல்லாம் கணக்கிலிருந்து கழிந்துவிடுகின்றன.

இதற்கு எள்ளுத் துவையல்தான் ஜோடி என்று வைத்தவர்களுக்கு அமினோ அமிலம் என்ற சொல் தெரிந்திருக்காது. புரதம் பல அமினோ அமிலங்களால் ஆனது. அரிசியில் லைசின் குறைவு, பயறில் அது நிறைய. பயறில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் போதுமான அளவு உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் பள்ளத்தை மற்றொன்று நிரப்பும். எள் மெத்தியோனின் மிகுந்த வித்து. ஆக, அந்த இலையில் அரிசி, உளுந்து, எள் மூன்றும் கைகோத்து நிற்கின்றன. உளுந்தையும் அரிசியையும் கருப்பட்டியோடு நல்லெண்ணெய் ஊற்றிக் கிளறும் உளுந்தங்களியும் இதே இணைப்புதான். வயதுக்கு வந்த பெண்ணுக்கு மட்டும் என்று அதை ஒதுக்கிவைத்ததுதான் நட்டம்.

காணம்: மாட்டுத்தீவனம் என்ற பெயரைத் தாண்டி

உழவு மாட்டுக்கு வைத்ததாலேயே விருந்து இலையில் காணத்துக்கு இடம் கிடைக்கவில்லை. புரதத்தில் அது துவரம்பருப்புக்கு இணை. சுண்ணாம்புச் சத்தில் மற்றப் பயறுகளை மிஞ்சும். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியைப் பிடித்துக்கொண்டு காணம் கொழுப்பைக் கரைக்கும் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி மாயம் எதுவும் இல்லை. நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்து சீக்கிரம் பசியடக்கும், அவ்வளவே.

காணத்தைத் துவையலாக அரைப்பது மிகக் குறைந்த இலை விலையில் முடியும் காரியம், ஏனென்றால் வேகவைக்கவே வேண்டாம். 100 கிராம் காணத்தைத் தட்டில் பரப்பிக் கல் பொறுக்க வேண்டும். அதன் நிறத்திலேயே சிறுகல் ஒளிந்திருக்கும், அவசரப்பட்டால் பல்லில் தெரியும். வெறும் இரும்புச் சட்டியில், படபடவென்று பொரிந்து சிவக்கும் வரை வறுத்து ஆறவிடவும். நான்கு மிளகாய் வற்றல், நான்கு பல் பூண்டு, இரண்டு கீற்றுத் தேங்காய், நெல்லிக்காயில் பாதியளவு புளி. காணத்தை முதலில் தனியாகக் கொரகொரவென்று பொடித்துக்கொண்டு, பிறகு மற்றவற்றைச் சேர்த்துத் தண்ணீர் தெளித்து அரைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் தேங்காய் மசிந்துவிடும், காணம் மசியாமல் நறநறக்கும். சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசையலாம். பழைய சோற்றுக்கும் அது போதும். நான்கு பேருக்கு எட்டு ரூபாய்க் காணம்.

வேகாத பருப்புக்குக் காரணம் பருப்பு மட்டும் அல்ல

கேஸ் செலவும் இலை விலையில் சேரும். ‘எத்தனை விசில் விட்டாலும் வேகவில்லை’ என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கும்:

1. தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அவை விதையின் செல் சுவரில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளோடு பிணைந்து அதை இளகவிடாமல் இறுக்குகின்றன. அல்வாவின் பேருக்குத் தாமிரபரணித் தண்ணீர் காரணமா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். பருப்பு வேகும் விஷயத்தில் தண்ணீரின் பங்கு வேதியியல் உண்மை. ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கத்துச் சவர் நீர் வீடுகளில் பயறு வேகவைக்க மட்டுமாவது குடிநீரை எடுத்துக்கொள்வது நல்லது.

2. புளி. அமிலமும் பெக்டினை இளகவிடாது. தட்டப்பயறு கத்தரிக்காய்ப் புளிக்குழம்பில் பயறு முழுதாக வெந்த பிறகே புளிக்கரைசல் இறங்க வேண்டும். உப்பைப் பற்றிய பயம் அவ்வளவு சரியல்ல. ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டால் தோல் சீக்கிரம் இளகும்.

3. வயது. வெப்பத்திலும் ஈரத்திலும் நாள்பட்டுக் கிடந்த பயறு எவ்வளவு ஊறினாலும் கட்டை போல நிற்கும். மலிவாகக் கிடைத்தது என்று அதை வாங்கினால் மிச்சம் பிடித்தது சிலிண்டரில் போய்விடும்.

4. ஊறல். கொண்டைக்கடலை, காணம், மொச்சை எல்லாம் எட்டு மணி நேரம் ஊற வேண்டும். சிறுபருப்புக்கு ஊறல் தேவையில்லை.

5. குக்கர். விசிலாக வெளியேறுவது வீணாகும் ஆவி. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்தாலும் உள்ளே வெப்பம் அதேதான் இருக்கும். விசிலை எண்ணாமல் நிமிடத்தை எண்ண வேண்டும்.

சோடா உப்பு சீக்கிரம் வேகவைக்கும் என்பது உண்மை. அது தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கிறது என்பதும் உண்மை. தண்ணீர் சவராக இருந்து வேறு வழியே இல்லாதபோது ஒரு சிட்டிகை, வழக்கமாக வேண்டாம்.

வாயுவும் எச்சரிக்கையும்

பயறில் உள்ள சில சர்க்கரைகளை நம் குடல் செரிக்காது. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைக்கும்போது வாயு உண்டாகிறது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் ஒரு பகுதி குறையும். முளைகட்டினால் மேலும் குறையும். பழக்கமில்லாதவர்கள் ஒரே நாளில் ஒரு கிண்ணம் சுண்டலோடு தொடங்க வேண்டாம்.

ராஜ்மாவுக்குத் தனி எச்சரிக்கை. அதன் நச்சுப் புரதம் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். அரைவேக்காட்டில் கடும் வாந்தி வரும். சிறுநீரக நோயாளிகள் எந்தப் பயறையும் மருத்துவரைக் கேட்டே கூட்ட வேண்டும்.

எப்போது வாங்குவது, எப்படி வைப்பது

கரிசல் உளுந்தும் சிறுபயறும் தை, மாசியில் களத்துக்கு வரும். ஆற்றுப் பாசன வயல் உளுந்து சித்திரையை ஒட்டி வரும். அறுவடைக்குப் பின்னான இந்த வாரங்களில் பயறு புதிதாகவும் இருக்கும், விலையும் பெரும்பாலும் தணிந்திருக்கும். ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்று மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளுக்கு இதுதான் சரியான பருவம்.

சேமித்த பயறுக்குப் பயப்பட வேண்டிய எதிரி வண்டு. வயலிலேயே காயின் மேல் முட்டையிட்டுவிடும். வீட்டுக்கு வந்த பிறகுதான் துளையிட்டு வெளியே வரும். வாங்கும்போது ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் விதையின் மேல் ஒட்டிய வெள்ளைப் புள்ளி முட்டைகளும் வட்டமான துளைகளும் தெரியும். துளை விழுந்த பயறு உள்ளே கூடாகிவிட்டதால் தண்ணீரில் மிதக்கும். எடை போட்டு வாங்கியதில் பாதியை வண்டு தின்றிருக்கும். நல்ல பயறானாலும் இரண்டு மூன்று வெயிலில் காயப்போட்டு, முழுதாக ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் நீர் கோத்து, காயவைத்த பாடு வீணாகிவிடும்.